செவ்வாய்க்கிழமைத் தண்ணி

நவம்பர் 21, சனி

மழை விட்டு விட்டு. டைரி போன வருஷத்தோடது, உரக்கடையில கொடுத்தது. கிழமையை மட்டும் அடிச்சு மேல எழுதிக்கறேன். யாரு பாக்கப் போறா.

காலையில அஞ்சரைக்கு ஏரி. நான், பூங்காவனம் அக்கா, இன்னும் நாலு பேர். தண்ணி மார் வரைக்கும். முட்டி போட்டு, ரெண்டு கையாலயும் சேத்தைத் துழாவிக்கிட்டே போனாத்தான் இறால் படும். மார் அளவு தண்ணியில முட்டி போட்டா மூக்கு முழுகுது. அண்ணாந்துக்கிட்டே துழாவினேன். கழுத்து போச்சு.

முகத்துவாரம் அடைஞ்சு நாலு மாசம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல மணல் மேடு எழும்பி நிக்குது. இந்தப் பக்கம் ஆத்து வெள்ளம் வந்து வந்து ரொம்புது, போக வழி இல்ல. அந்தப் பக்கம் கடல், வர வழி இல்ல. கடல் வந்தாத்தான் இறால் குஞ்சு வரும். வெட்டித் திறக்கணும்னு ஊர்ல பேசறாங்க. பேசறாங்க, பேசறாங்க.

கிடைச்சது: வெள்ளை இறால் ரெண்டு கைப்பிடி. நண்டு மூணு. செருப்பு ஒண்ணு, இடது கால்.

இறங்கறதுக்கு முன்னாடி அக்கா தினமும் சொல்ற வசனம்: "பொம்பளைங்க அத்தினி பேரும் வாயை மூடிக்கினு கீற எடம் உலகத்துலயே இது ஒண்ணுதான்டி." உண்மைதான். கை ரெண்டும் சேத்துல. பிடிச்சதைப் போடற ஓலைப் பறியைப் பல்லாலதான் கடிச்சுக்கணும். மூணு மணி நேரம் பேச்சு கிடையாது. தாடை வலிக்கும், உதட்டு ஓரமா ஏரித் தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கும்.

எனக்கு அது பிடிக்கும். வாயை மூடினா தலை திறந்துக்குது. இன்னைக்கு ஓடினது:

மங்கோலியா – உலான்பாதர்.
ஆக்டோபஸ் – மூணு இதயம்.
நட்சத்திர மீன் – மூளையே கிடையாது. (நம்ம தெருவுலயும் நாலு பேர்.)
ஆறே இல்லாத பெரிய நாடு – சவுதி.
கடலே இல்லாம கடற்படை வெச்சிருக்கற நாடு – பொலிவியா.

கடைசியில வந்ததை விட மனசே இல்ல. கடல் இல்ல, ஆனா சட்டை தெச்சுப் போட்டுக்கிட்டு ஒரு ஏரியில கப்பல் ஓட்டிப் பழகறாங்களாம். வெள்ளைச் சட்டையா, நீலமா? யாரு துவைக்கறா? இப்படியே நினைச்சுக்கிட்டு ஒரு நல்ல இறாலைக் கையிலருந்து விட்டுட்டேன்.

செவ்வாய் இறுதிப் போட்டி. அதைத் தனியா எழுதணும். இப்போ கண்ணு சொக்குது. மத்தியானத் தூக்கம்.


நவம்பர் 22, ஞாயிறு

மழை இல்ல. வானம் வெளிறிப்போய், துணி காயற வெயில்.

அஞ்சு மணிக் குழு பத்தி இந்த டைரியில ஒழுங்கா எழுதினதே இல்ல. எழுதிடறேன்.

போன்ல ஒரு குழு. பதினாலு பேர். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு பொது அறிவுக் கேள்வி. புத்தகம் பாக்கக் கூடாது, கூகுள் பாக்கக் கூடாது. யாரும் காவல் இல்ல, அவங்கவங்க மனசாட்சிதான். நடத்தறது ஸ்டெல்லா மேடம், திண்டுக்கல், நூலகத்துல வேலை பாத்து ஓய்வு. அவங்கதான் நடுவர். ஒருத்தரை ஒருத்தர் பாத்தது இல்ல. எனக்கு அங்க பேரு நீர்க்காகம்.

பொண்ணு படிக்கறதுக்குன்னு வாங்கின போன். அவ நர்சிங் படிக்கப் போய் வேற வாங்கிக்கிட்டா, இது எனக்கு வந்தது. குரூப் ஃபோர் பரீட்சைக்குன்னு ரெண்டு தடவை படிச்சு ரெண்டு தடவையும் கோட்டை விட்டவ நான். படிச்சதெல்லாம் எங்க போய் கொட்டறது? இங்க கொட்டறேன்.

சேந்த புதுசுல ஸ்டெல்லா மேடம் கேட்டாங்க, "நீங்க டீச்சரா?"ன்னு. நான் ஒரு சிரிக்கற பொம்மையைப் போட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. மறுநாள்லருந்து எல்லாருக்கும் நான் டீச்சர். ரெண்டு வருஷம் ஆகுது. பழவேற்காட்டுப் பக்கத்து டீச்சர். மேடம் பேத்திக்கு சூரிய கிரகணத்துல சந்தேகம்னா எனக்குத்தான் வரும். சொல்லுவேன். சொல்லிட்டு அன்னிக்குப் பூரா ஒரு மிதப்பு.

இந்த வருஷம் கடைசியில ரெண்டு பேர் நிக்கறோம். நானும், கோயமுத்தூர்ல கண்ணாடிக் கடை வெச்சிருக்கற ஒருத்தரும். அவரைக் கண்ணாடிக்காரர்னுதான் எல்லாரும். பரம எதிரி. மரியாதையான எதிரி. ஜெயிச்சா பரிசு எல்லாம் கிடையாது. ஜெயிச்சவங்கதான் அடுத்த வருஷம் முழுக்க கேள்விக்காரர். அவங்க கேக்கற கேள்விக்குத்தான் மத்தவங்க மண்டையை உடைச்சுக்கணும்.

அதுதான் எனக்கு வேணும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. கேக்கணும்.

டைரி பின்பக்கம் கேள்வி எழுதி வெச்சிருக்கேன், நாப்பத்தாறு. சிலது:

7. கண்ணால பாக்காம, சேத்துக்குள்ள கையில பட்டது ஆண் நண்டா பெண் நண்டான்னு எப்படித் தெரியும்?
15. மழை பெய்யும்போது தண்ணிக்கு அடியில காது வெச்சா என்ன சத்தம்? (பதில்: எண்ணெய்ச் சட்டியில கடுகு.)
31. பூநாரை தலைகீழாத் தின்னுது. அதுக்கு உலகம் தலைகீழாத் தெரியுமா?

31க்கு பதில் எனக்கே தெரியாது. கண்ணாடிக்காரருக்குத் தெரியலாம்.


நவம்பர் 23, திங்கள்

தூறல். ஏரி போனேன். அரை மனசு. அரைப் பறி.

திரும்பி வரும்போது அக்கா: "இன்னாமே, காலைலருந்து உதடு அசையுது. வேண்டுதலா?"

"நாளைக்குப் போட்டி அக்கா."

"ஜெயிச்சா இன்னா தருவானுங்கோ?"

"ஒண்ணும் தர மாட்டாங்க. நான் கேள்வி கேக்கலாம்."

அக்கா நின்னு என்னைப் பாத்தா. "அதுக்கு எதுக்குடி போட்டி? உன் வூட்டுக்காரனைக் கேளு. நான் தினம் கேக்கறேன், எங்கடா போனேன்னு."

ரெண்டு பேரும் கரையில உக்காந்து சிரிச்சோம். ஈரப் புடவை குளிர் தெரியல.

மத்தியானக் கனவு: வெள்ளைச் சட்டை போட்ட பொலிவியாக்காரங்க எங்க ஏரியில வரிசையா முட்டி போட்டுப் போறாங்க. எல்லார் வாயிலும் பறி. ரொம்ப நேரமாப் போய்க்கிட்டே இருந்தாங்க, கடைசி ஆள் வரவே இல்ல. முழிச்சப்போ தலையணை ஈரம். கூரை ஒழுகல். பாத்திரம் வெச்சேன்.


நவம்பர் 24, செவ்வாய்

தோத்துட்டேன்.


நவம்பர் 25, புதன்

நேத்து எழுத முடியல. இன்னைக்கு எழுதறேன். கோவம் கொஞ்சம் ஆறியிருக்குன்னு நினைச்சேன். ஆறல.

நேத்து காலையில நல்ல மழை, ஆத்துல புது வெள்ளம். ஏரியில மூணு மணி நேரம். இறால் பேருக்கு. சாயங்காலம் கரையில அந்த வேலிக்காத்தான் மரத்தடி. அங்கதான் டவர் நாலு கோடும் காட்டும். இவரு, ஏழுமலை, என் வீட்டுக்காரர், பக்கத்துல வலை கோத்துக்கிட்டு. "நான் பேசவே மாட்டேன், நீ ஆடு"ன்னார். நல்ல மனுஷன்.

இருபது கேள்வி. ஆளுக்குப் பத்தொன்பது சரி. ரெண்டு பேரும் ஒவ்வொண்ணு விட்டோம். நான் விட்டது எதுன்னு எழுத மாட்டேன், வெக்கமா இருக்கு. சமம். சமம் ஆனா ஒரே ஒரு கேள்வி, யாரு முதல்ல சரியாச் சொல்றாங்களோ அவங்க. ஸ்டெல்லா மேடம் முன்னாடியே முப்பது சீட்டு எழுதி டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க. குலுக்கி ஒண்ணு எடுப்பாங்க. எடுத்தாங்க.

"பழவேற்காடு ஏரியின் நீர் எவ்வகை? நன்னீர், உவர்நீர், கடல்நீர்?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என் ஏரி! கை தானா ஓடுச்சு. நாலு நொடி. நன்னீர்.

கண்ணாடிக்காரர் ஒன்பதாவது நொடி. உவர்நீர்.

விடை: உவர்நீர்.

அப்புறம் அழுதுக்கிட்டே சிரிக்கற பொம்மைங்க வரிசையா. "டீச்சர், உங்க ஊர் ஏரிதானே!" ஸ்டெல்லா மேடம் தனியா அனுப்பினாங்க: "சீட்டைப் பிரிச்சதும் சந்தோஷப்பட்டேன்மா, உங்களுக்குன்னே வந்த கேள்வின்னு."

எனக்குத் தெரியாதா? ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். குரூப் ஃபோர் புத்தகத்துல அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன், உவர்நீர் ஏரின்னு. ஆனா கேள்வி வந்தப்போ புத்தகம் ஞாபகம் வரல. வாய்தான் ஞாபகம் வந்தது. அன்னைக்கு காலையிலருந்து வாயில இருந்த தண்ணி. உப்பு துளி கிடையாது. மண் வாசனையோட, லேசா இனிப்பா. அவ்வளவு மழை, அவ்வளவு ஆத்துத் தண்ணி, கடல் ஒரு சொட்டு இல்ல. சத்தியமா நல்ல தண்ணி.

கேட்டாங்க. வாயில இருந்ததைச் சொன்னேன். அட மடச்சி.

இவரு எழுந்து போய் ஏரியில ஒரு கை அள்ளி வாயில ஊத்தி, கொப்புளிச்சுத் துப்பிட்டு வந்து சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி. டீயே போடலாம்." அப்போதான் எனக்கு அழுகை வந்தது.


அதே நாள், சாயங்காலம்

விதி ஒண்ணு இருக்கு. நடுவர் முடிவு ஒப்புக்கலைன்னா மூணு நாளுக்குள்ள மறுப்பு போடலாம். ஆதாரத்தோட. அதாவது வெள்ளி அஞ்சு மணி வரைக்கும்.

ஆதாரம்னா புத்தகப் பக்கம், இல்லன்னா ஏதாவது இணைப்பு. என் ஆதாரம் என் வாய். அதை எந்தப் பக்கம்னு போடறது?

போடணும்னா டீச்சர் வாயில ஏரித் தண்ணி எப்படி வந்ததுன்னு சொல்லணும்.


நவம்பர் 26, வியாழன்

காத்து வாடை. ஏரி மேல சின்னச் சின்ன அலை, மீன் செதில் மாதிரி. ஊர் ஆம்பளைங்க கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டாங்க, சனிக்கிழமை முகத்துவாரம் வெட்டறது. மண் தோண்டற வண்டி பேசியாச்சு. பக்கத்து ஊர் தோணிரேவுலருந்தும் ஆள் வருது. இவரு மம்பட்டி தீட்டறார்.

நான் மறுப்பு எழுதறேன்.

ஒண்ணு: "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு, மேற்படி ஏரியின் உப்புத்தன்மையானது பருவத்திற்கேற்ப மாறுபடும் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்கு..." தாலுக்கா ஆபீஸ் மனு. அடிச்சாச்சு.

ரெண்டு: "எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி ஏரியில் இறால் பிடிப்பவர். அவர் கூறியதாவது..." பொய். அந்தப் பெண்மணிக்குக் கோவம் வரும். அடிச்சாச்சு.

மூணு: "நான் டீச்சர் இல்லை." அதோட பேனா நின்னுபோச்சு.

ஏரியிலருந்து வரும்போது அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன்.

"சொல்லிட்டா இன்னா, தலையா போயிடும்? நாம இன்னா திருடியா துன்றோம்?"

"அது இல்ல அக்கா."

"பின்ன இன்னா? சேத்துல பொரள்றவன்னு கேவலமா பேசுவானுங்களா?"

அதுவும் இல்ல. யோசிச்சுப் பாத்தா, கேவலமாப் பாப்பாங்கன்னு எனக்குப் பயம் இல்ல. அந்த மாதிரி ஆளுங்க இல்ல அவங்க. பயம் வேற. டீச்சர்னா தெரிஞ்சிருக்கும்னு நம்பினாங்க. டீச்சர் இல்லைன்னா, அப்போ இவளுக்கு உலான்பாதர் எப்படித் தெரியும்? பொலிவியா எப்படித் தெரியும்? கூகுள் பாத்து அடிச்சிருப்பா. ரெண்டு வருஷமா ஏமாத்தியிருக்கா. அப்படி ஒரே ஒருத்தர் மனசுல ஓடினாலும் போதும், நான் சொன்ன பதில் பூரா செத்துப்போகும். ஒவ்வொண்ணும் நான் தலையில சுமந்தது.

இதை அக்காகிட்ட விளக்கினேன். கேட்டுக்கிட்டே வந்தா. கடைசியில, "உலாம்பாதர்னா இன்னாடி?"ன்னா.

சொன்னேன். மங்கோலியா தலைநகரம். ரொம்பக் குளிர். குதிரைப் பால் குடிப்பாங்க.

"குதிரைப் பாலா! யார்றி கறக்கறது?" வீடு வர்ற வரைக்கும் அதையேதான் கேட்டா.


நவம்பர் 27, வெள்ளி

மேகம். மழை இல்ல. தண்ணி இன்னைக்கும் நல்ல தண்ணி.

காலையில ஏரி நடுவுல ஒரு நிமிஷம் எல்லாம் நின்னுடுச்சு. காத்து இல்ல, அலை இல்ல. மேல வானம், கீழ வானம், நடுவுல எங்க ஆறு தலை. யாரும் பேச முடியாது. தூரத்துல பூநாரைக் கூட்டம் ஒரு கோடு மாதிரி. எனக்கு உடம்பு இருக்கற மாதிரியே தெரியல, நினைப்பு மட்டும்தான் தண்ணி மேல மிதக்குது. அப்போ தோணுச்சு, இந்த இடத்தைத்தானே நான் ரெண்டு வருஷமா அவங்ககிட்ட மறைக்கறேன். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்க இருக்கு?

சாயங்காலம் 4.40. வேலிக்காத்தான் மரத்தடி. இவரு கூட இல்ல, அக்கா இருந்தா. அனுப்பினது இதுதான், எழுத்து மாத்தாம எழுதி வெக்கறேன்:

"நான் டீச்சர் இல்ல. பன்னெண்டாவது வரைக்கும்தான் படிச்சேன். ஏரியில இறங்கி கையால இறால் பிடிக்கறேன். பறியை வாயில கடிச்சுக்கிட்டுத்தான் வேலை. அதனால தினமும் ஏரித் தண்ணி வாயில போகும். செவ்வாய்க்கிழமை தண்ணி உப்பில்ல. முகத்துவாரம் அடைஞ்சு, மழைத் தண்ணி ரொம்பி, நல்ல தண்ணியாத்தான் இருந்தது. இணைப்பு எதுவும் இல்ல. ஆதாரம் என் வாய்தான். டீச்சர்னு நீங்க சொன்னப்போ இல்லன்னு சொல்லாதது என் தப்பு."

அனுப்பிட்டு போனைக் கவுத்து வெச்சேன். அக்கா நிமிர்த்தி வெச்சா. நான் கவுத்தேன். அவ நிமிர்த்தினா.

ரெண்டு ரெண்டு நீலக் கோடு விழுது. படிக்கறாங்க. அஞ்சு மணி ஆச்சு. இன்னைக்குக் கேள்வியே வரல.

5.20க்கு ஷார்ஜாவுல டிரைவரா இருக்கற ஒருத்தர்: "தப்பா நினைக்காதீங்க. அப்போ இத்தனை பதிலும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வந்துடுச்சு. எதுக்குப் பயந்தேனோ அதே. "மூணு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா தலைக்கு வேற வேலை இல்ல சார்"னு எழுதினேன். எழுதினப்புறம் இது ஒரு பதிலான்னு எனக்கே சந்தேகம்.

"ஒருவர் எழுதுகிறார்..."னு வந்தது. கண்ணாடிக்காரர். நின்னு நின்னு வருது. ரொம்ப நேரம்.

"ரெண்டு வருஷமா இவங்களோட மோதறேன். செவ்வாய்க்கிழமை இவங்க கூகுள் பாத்திருந்தா உவர்நீர்னு வந்திருக்கும். முதல் வரியிலயே இருக்கு. கூகுள் பாக்கறவங்க நாலு நொடியில தப்பாச் சொல்ல மாட்டாங்க. இவங்க தோத்த பதில்தான் இவங்க ஒரு தடவைகூட ஏமாத்தலைங்கறதுக்கு ஆதாரம். இதுக்கு மேல யாரும் இவங்களை எதுவும் கேக்காதீங்க."

படிச்சுக் காட்டினேன். அக்கா, "யார்றி அவன்? நல்லாப் பேசறான்"ன்னா. ஷார்ஜாக்காரர் மன்னிப்பு கேட்டார். நான் பரவால்லன்னேன். நிஜமாவே பரவால்ல.

அப்புறம் நடுவர் தீர்ப்பு. ஸ்டெல்லா மேடம் நீளமா எழுதினாங்க, சுருக்கம்: கேள்வி ஏரியைப் பத்தி. நீங்க சொன்னது செவ்வாய்க்கிழமையைப் பத்தி. ரெண்டும் உண்மை. ஆனா கேள்விக்கு விடை உவர்நீர்தான். மறுப்பு தள்ளுபடி. கேள்விக்காரர், கண்ணாடிக்காரர்.

நியாயம். படிச்சதும் எனக்கே தெரிஞ்சது நியாயம்னு. அதுக்காக வலிக்காம இருக்குமா? நாப்பத்தாறு கேள்வி பின்பக்கம் அப்படியே கிடக்கு. இன்னும் ஒரு வருஷம் கிடக்கணும்.

மேடம் தனியா இன்னொண்ணு அனுப்பினாங்க. "பேத்தி கேக்கறா, இனிமே சந்தேகம்னா உங்களைக் கேக்கலாமான்னு." கேக்கச் சொல்லுங்கன்னேன்.


நவம்பர் 28, சனி

வெயில்! வெட்டிட்டாங்க.

விடியறதுக்கு முன்னாடியே போயிருக்காங்க. வண்டி ஒரு பக்கம், மம்பட்டி ஒரு பக்கம். நாங்க பொம்பளைங்க சோறு எடுத்துக்கிட்டு படகுல போய்ப் பாத்தோம். முதல்ல ஒரு ஆள் தாண்டற வாய்க்கால். அப்புறம் ரெண்டு கரையும் பொலபொலன்னு இடிஞ்சு, தண்ணி தன் வழியைத் தானே வெட்டிக்கிச்சு. ஏரி பூரா எழுந்து கடலுக்கு நடக்கற மாதிரி. செம்மண் நிறத்துல கடலுக்குள்ள ஒரு நாக்கு. ஆம்பளைங்க கத்தறாங்க, விசில். இவரு இடுப்பு வரைக்கும் மணல். என்னைப் பாத்து, "இன்னாமே, பொலிவியா திறந்துச்சா!"ன்னு கத்தினார். நான் எப்பவோ தூக்கக் கலக்கத்துல சொன்னது, ஞாபகம் வெச்சிருக்கார்.

சாயங்காலம் ஏரி நாலு விரக்கடை இறங்கிடுச்சு. ஆனா தண்ணி இன்னும் வெளியதான் போகுது. தொட்டுப் பாத்தேன், அதே நல்ல தண்ணி. "முதல்ல இது காலியாகணும். அப்புறம்தான் கடல் திரும்பிப் பாக்கும். எப்போன்னு எவன் கண்டான்"னு அக்கா. மறுபடி மண் மூடிடுமோன்னு எல்லாருக்கும் உள்ளூர ஒரு பயம்.

குழுவுல இன்னைக்கு விடுமுறை. நாளையிலருந்து புதுக் கேள்விக்காரர். எனக்கு ஆடற மனசு இல்ல. ஆனா இருப்பேன்.


நவம்பர் 29, ஞாயிறு. அமாவாசை

காலையில ஏரி. தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு, முட்டி போட்டா கழுத்து வெளிய. நாலு மாசம் கழிச்சு நேராப் பாத்துக்கிட்டு வேலை. வாயில நல்ல தண்ணிதான். இறால் கொஞ்சம். அக்கா ஏறினதும் துப்பிட்டு, "ம்ஹூம். இன்னும் வரல"ன்னா.

மத்தியானம் தூங்கல. கூரை ஓட்டை வழியா வந்த வெயில் தரையில நகர்றதைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன்.

அஞ்சு மணி. மரத்தடி. சூரியன் தண்ணி மட்டத்துக்கு வந்து, எல்லாம் செம்பு நிறம். கண்ணாடிக்காரரோட முதல் கேள்வி வந்தது:

"பழவேற்காடு ஏரியின் நீர், இன்று, இந்த நேரத்தில், எவ்வகை? பத்து நிமிடம்."

ரெண்டு தடவை படிச்சேன். பதில் மழையா வருது. உவர்நீர். நன்னீர். உவர்நீர். ஷார்ஜாக்காரர் நன்னீர், பின்னாடியே ஒரு கும்பிடு. திண்டுக்கல்லுல, கோயமுத்தூர்ல, ஷார்ஜாவுல உக்காந்துக்கிட்டு எங்க ஏரியைக் குத்துமதிப்பா அடிக்கறாங்க. யாருக்கும் தெரியாது. கேட்டவருக்கே தெரியாது!

எனக்குத் தெரியும். ந-ன்னு அடிச்சுட்டேன்.

அப்புறம் அந்த "இந்த நேரத்தில்" கண்ணுல பட்டது. நான் வாயில வெச்சது காலையில. இது சாயங்காலம்.

அழிச்சேன். எழுந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடினேன். கரையில அக்காவோட வலை உலத்திக்கிட்டு இருந்தவங்க, "இன்னாமே, பாம்பா?"ன்னு கத்தறாங்க. தண்ணியில கால் வெச்சதும் தெரிஞ்சிடுச்சு, காலையில இழுத்த பக்கம் இப்போ இழுக்கல. எதிர்ப்பக்கம் தள்ளுது. பாசி, நுரை, ஒரு தேங்கா மட்டை, எல்லாம் உள்ளே பாத்து வருது. முட்டி போட்டேன். போனை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்து தண்ணிக்குள்ள வெச்சேன்.

நாக்கு சுருங்கிப்போச்சு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. துப்பல, முழுங்கிட்டேன்.

"அக்கா! வந்துடுச்சு!" கரையில இருந்த அத்தினி பேரும் எழுந்துட்டாங்க.

மணி 5.08. ரெண்டு நிமிஷம் இருக்கு. ஈரக் கை, எழுத்தே விழல. க-ன்னு அடிச்சா வேற எதுவோ வருது. தலைமுடியில துடைச்சுட்டு மறுபடி. விழல. கடைசியில அந்த மைக் பொம்மையைக் கட்டைவிரல் முட்டியால அழுத்திப் பிடிச்சேன். ரெண்டு வருஷத்துல அவங்க யாரும் என் குரலைக் கேட்டதில்ல.

"கடல்நீர்"னேன். மூச்சு வாங்குது. "நான் தேசம்மா பேசறேன். ஏரிக்குள்ள நின்னுக்கிட்டுச் சொல்றேன். உப்பு. நல்ல உப்பு. கடல் உள்ள வந்துடுச்சு."